கொரோலா 110: டைமிங் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது

வெள்ளவத்தையில் நான் ஓட்டுவது 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. உள்ளே இருப்பது 5ஏ-எஃப்ஈ பெற்றோல் என்ஜின். பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் அதில் ஒரே தாளத்தில் சுற்றவைப்பது டைமிங் பெல்ட் என்ற பல் வைத்த இறப்பர் பட்டி. வாங்கும்போது மீற்றரில் 138,000 கிலோமீற்றர். "டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது தம்பி, யோசிக்க வேண்டாம்" என்றார் விற்றவர். எப்போது மாற்றினார், எத்தனையாவது கிலோமீற்றரில் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. பில்லும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வாக்கை நம்பி ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். சென்ற மாதம் மீற்றர் 171,000ஐத் தொட்டபோதுதான் உண்மையான பயம் பிடித்தது.

100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. கொழும்புக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம். பம்பலப்பிட்டிச் சந்தியில் வாகனம் நிற்கும்போது மீற்றர் நகராது, பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். மணிக்குச் சராசரி 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காருக்கு 100,000 கிலோமீற்றர் என்பது 2,000 மணி நேரம். காலி வீதியில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 5,000 மணி நேரம். போதாததற்கு, ஓடாமல் கிடந்தாலும் இறப்பருக்கு வயது ஏறும். பில் இல்லாத பழைய காரில் மீற்றரைப் பார்த்து முடிவெடுக்க எதுவுமில்லை. வாங்கிய வாரமே மாற்றியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை, பஞ்சிகாவத்தை

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன இடம் இது. கடைக்கார நானாவிடம் பெல்ட் மட்டும் கேட்டேன். "பெல்ட்டை மட்டும் மாற்றி என்ன பயன் தம்பி? நாளைக்கு டென்ஷனர் பெயரிங் சத்தம் போட்டால் இதே வேலையைத் திரும்பவும் செய்வீர்களே" என்றார். அவர் சொன்னது நியாயம். பெல்ட், அதை இழுத்து இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பெயரிங், அதன் ஸ்பிரிங், தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேம் ஒயில் சீல், கிராங்க் முன்பக்க ஒயில் சீல், வால்வு கவர் பெக்கிங் என்று வாங்கினேன்.

வாட்டர் பம்பை மட்டும் வாங்கவில்லை. பல என்ஜின்களில் பம்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான்; அங்கே பம்பையும் சேர்த்து மாற்றாமல் விடுவது பிழை. இந்த என்ஜினில் பம்பு வெளியே, ஒல்டனேட்டர் பெல்ட்டில் ஓடுகிறது. அதன் கசிவுத் துவாரத்தில் கூலன்ட் கறை இல்லை, கையால் ஆட்டினால் ஆட்டமும் இல்லை. அதனால் விட்டுவைத்தேன்.

ஞாயிறு, தெஹிவளை

மச்சான் வீட்டுப் போர்ட்டிக்கோவில் வேலை. பாதி நாளைத் தின்றது கிராங்க் போல்ட். கடற்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. மச்சான் காரில் ஏறி, ஐந்தாம் கியரில் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டார். நான் ஸ்பனரில் நீளக் குழாயைச் செருகி முழுப் பாரத்தையும் கொடுத்தேன். மூன்றாம் முறை ஒரு வெடிச் சத்தத்தோடு அசைந்தது. அதன்பின் எண்ணெய்த் தொட்டியின் கீழ் பலகை வைத்து ஜக்கால் தாங்கி, வலப்பக்க என்ஜின் மவுண்டைக் கழற்றினோம்.

பெல்ட் வெளியே வந்தபோது முதற்பார்வைக்கு நன்றாகவே இருந்தது. பற்கள் எல்லாம் அப்படியே இருந்தன. முதுகுப் பக்கம் மட்டும் கண்ணாடிபோல் மினுங்கியது. நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை. உட்புறம் வெளியே வரும்படி மடித்து வெளிச்சத்தில் பிடித்தபோது, பற்களின் அடியில் தலைமுடி அளவு வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு விளிம்பு மட்டும் வழுவழுப்பாக, சற்று உப்பியிருந்தது. மேலே பார்த்தேன். கேம் ஒயில் சீலின் கீழ் உதட்டிலிருந்து எண்ணெய் கசிந்து கவருக்குள் கரிய பசைபோல் படிந்திருந்தது. அந்த சீலை விட்டுவிட்டுப் புதுப் பெல்ட்டைப் போட்டிருந்தால் இதுவும் எண்ணெயில் ஊறிச் செத்திருக்கும். பழைய டென்ஷனர் பெயரிங்கை விரலில் மாட்டிச் சுழற்றினேன். கிரீஸ் வற்றி, மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தேன். புதியதைச் சுழற்றினால் சத்தமே இல்லை, கனத்தோடு மெதுவாகச் சுற்றி நின்றது.

புதுப் பெல்ட்டின் பற்களைப் பழையதோடு ஒவ்வொன்றாக எண்ணி ஒப்பிட்டேன்.

குறி பொருத்துவதில் பிழை விட்டேன். கிராங்க் 0 குறியில் இருக்கும்போது கேம் சக்கரத்திலுள்ள சிறு துவாரம் பின்னாலுள்ள வெட்டுக்குறிக்கு நேரே நிற்க வேண்டும். மாட்டியபோது நேராகவே தெரிந்தது. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றியதும் துவாரம் விலகி நின்றது. டென்ஷனர் இல்லாத பக்கத்தில் தொய்வை விட்டு மாட்டியிருக்கிறேன்; டென்ஷனர் இழுத்தபோது ஒரு பல் தள்ளிப்போயிற்று. திரும்பக் கழற்றி, அந்தப் பக்கத்தை இறுக்கமாகப் பிடித்து மாட்டினேன். மீண்டும் இரண்டு சுற்று. இந்த முறை குறி நேராக நின்றது. அந்த இரண்டு சுற்றைச் சுற்றாமல் யாரும் கவரை மூட வேண்டாம். கிராங்க் போல்ட்டை டோர்க் ஸ்பனரில் 118 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி முடிக்கும்போது விளக்கு வைக்கும் நேரம். முதல் சாவியிலேயே என்ஜின் பிடித்தது.

இரண்டு வாரம் கழித்து

400 கிலோமீற்றர் ஓடியாயிற்று. மேல் கவரைத் திறந்து பார்த்தேன். சீலைச் சுற்றி ஈரமில்லை. கவரின் வெளிப்பக்கம் பெல்ட் மாற்றிய திகதியையும் அன்றைய மீற்றர் எண் 171,240ஐயும் பெயின்ற் பேனாவால் எழுதினேன். அடுத்த தடவை ஐந்து வருடம் அல்லது 60,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அப்போது.

இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் கார் வீதியில் நின்றுபோகும், அவ்வளவுதான். பிஸ்டன் வால்வை முட்டாது. அடுத்து வந்த கொரோலா 121இன் பெற்றோல் என்ஜினிலும் விட்ஸிலும் செயின் என்பதால் இந்தக் கவலையே வேண்டாம். டீசலில் கதை வேறு. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே இடமே இருக்காது. அறுந்த நொடியில் வால்வு வளைந்துவிடும். மருதானையில் இருக்கும் பெரியப்பாவின் கொரோலாவில் இருப்பது 2சி டீசல் என்ஜின். நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். "பெல்ட்டா? வாங்கியபோதே நன்றாகத்தானே இருந்தது" என்றார். வாங்கியது 2011இல். பெல்ட் வரும்வரை சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போயா தினத்தன்று கருவிப் பெட்டியோடு போகிறேன்.