குறைந்த ஒன்பது கிலோவில் எதெல்லாம் போனது

2022 ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை. மாவு அரைத்து முடித்துக் கிரைண்டரிலிருந்து குழவியைத் தூக்கப் போனேன், வரவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக வாரம் இருமுறை தூக்கிய கல் அது. மாவு வழுக்குகிறதோ என்று கையைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். இரண்டு அங்குலம் எழும்பியது, மணிக்கட்டு நடுங்கியது, தொப்பென்று உள்ளேயே விழுந்து உளுந்து மாவு முகத்தில் தெறித்தது. சத்தம் கேட்டு வந்த மகன் ஒற்றைக் கையால் எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

அதே வாரம் பள்ளியில் எல்லோரும் என்னைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றரை மாதத்தில் 74 கிலோவிலிருந்து 65-க்கு இறங்கியிருந்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டிச் சோறும் இரண்டு கிண்ணம் காயும், இரவு பப்பாளி, விடியற்காலையில் ஒரு மணி நேர நடை. முதல் வாரமே இரண்டு கிலோ குறைந்தபோது மலையைப் புரட்டியதுபோல் இருந்தது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து கரையும்போது அதன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரும் கூடவே போகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்.

தையற்கடைக்காரருக்கு மட்டும் ஏதோ புரிந்திருக்கிறது. ரவிக்கைகளைப் பிடிக்கக் கொடுத்தபோது, கைப்பக்கம் நிறையத் தொளதொளக்கிறது, இடுப்புப் பக்கம் அவ்வளவாக இல்லையே அம்மா என்றார். நான் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பிறகு ஒரு நாள் அளந்து பார்த்தேன். வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. இருந்தது 94 ஆகியிருந்தது. ஒன்பது கிலோ போயும் வயிற்றில் நான்கே செ.மீ. மீதி எங்கிருந்து போனது என்பதற்குக் குழவி பதில் சொல்லிவிட்டது: கைத் தசையிலிருந்து.

அடுத்த எட்டு மாதத்தில் ஆறு கிலோ திரும்பி வந்தது. கைக்கும் காலுக்கும் வரவில்லை. நேராக வயிற்றுக்கே வந்தது. 71 கிலோ, வயிறு 99. முன்பு 74 கிலோவில் இருந்ததைவிட ஒரு செ.மீ. அதிகம். கணக்கு ஆசிரியைக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

2023 மார்ச்சில் ஓர் உணவியல் நிபுணரிடம் போனேன். அவர் முதலில் ரத்தப் பரிசோதனை எடுத்துவரச் சொன்னார். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது என்பதால் அது. பிறகு மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்று விடாமல் எழுதச் சொன்னார். எழுதிக் கூட்டினால் நாளொன்றுக்கு 38 கிராம் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எனக்கு அதுவே 59 கிராம் வரும். அதுவும் வழக்கம்போல் சாப்பிடுகிறவர்களுக்கான கணக்கு. உணவைக் குறைக்கிறவர்களுக்குத் தசை கரையாமலிருக்க இன்னும் கூடுதலாக வேண்டும் என்றார். எனக்கு 80 கிராமுக்குக் குறையாமல் என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்ன ஒரு கதை மனத்தில் நின்றுவிட்டது. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யூட்கினும் சேர்ந்து எடுத்த படத்தை 2004-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. ஆனால் கொழுப்பு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஆட்களில் பலர் பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஏற்கெனவே தசை குறைவாக இருக்கிற உடம்பு பட்டினி கிடந்து அதையும் கரைத்தால் மிஞ்சுவது என்ன?

80 கிராமை நம் சமையலறையில் சேர்ப்பதுதான் பெரும்பாடு. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒரு நாள் போடும் துவரம் பருப்பு 150 கிராம். அதில் புரதம் ஏறக்குறைய 33 கிராம். ஆளுக்கு எட்டு! இட்லி ஒன்றுக்கு இரண்டு கிராம் தேறினால் பெரிது. நிலக்கடலை நல்லதுதான், ஆனால் 25 கிராம் புரதத்துக்கு 100 கிராம் தின்றால் 560 கலோரிக்கு மேல் போய்விடும். குறைத்து உண்கிற காலத்துக்கு அது கட்டுப்படியாகாது.

சில வாரம் தட்டுத்தடுமாறி ஒரு வழிக்கு வந்தது. காலையில் இரண்டு இட்லியோடு இரண்டு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக்கருவும். மதியம் அளந்து ஒரு கிண்ணம் சோறு, கெட்டிப் பருப்பு, 30 கிராம் மீல் மேக்கர். ஊறுவதற்கு முன் எடைபோட்ட அந்த 30 கிராமிலேயே 15 கிராம் புரதம் கிடைக்கிறது. நாலரை மணிக்குச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும். இரவு இரண்டு சப்பாத்தியோடு பன்னீரோ கோழியோ மீனோ. மொத்தம் 1500 கலோரியை ஒட்டி வரும். புரத மாவு ஒரு டப்பா வாங்கிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, காசுதான் கரைந்தது. மீல் மேக்கருக்கே திரும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் எங்கள் வீட்டில் முட்டை அடுப்பேறாது. அத்தை அதில் கறார். புரட்டாசி முழுக்கவே கிடையாது. அந்த நாட்களில் பன்னீர், தயிர், சுண்டல் என்று ஓட்டினேன். முதல் இரண்டு வாரம் சுண்டலும் மீல் மேக்கரும் வயிற்றுக்குள் நடத்திய கச்சேரியை ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவர்கள் நன்றாகக் கேட்டிருப்பார்கள். சுண்டலை இரவெல்லாம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கத் தொடங்கியபின் கச்சேரி அடங்கியது.

ஆனால் சாப்பாடு பாதி வேலைதான். பயன்படுத்தாத தசையை வைத்துப் பராமரிக்க உடம்புக்கு விருப்பமில்லை, அதிலும் வரவு குறைந்திருக்கும்போது. வேலை கொடுத்தால்தான் விட்டுவைக்கும். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் தோளுக்கும் கைக்கும் அதில் என்ன வேலை? ஆகவே 46 வயதில், திண்டுக்கல்லில், ஆசிரியை ஒருத்தி ஜிம் படியேறினாள். பயிற்சியாளர் என்னைப் பார்த்ததும் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கிலோ டம்பெல் இரண்டை நீட்டினார். குழவியைவிட எடை கூடியதாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தார். மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்.

வாரம் மூன்று நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, பிறகு எடையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்கி. சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு மேசையில், பிறகு தரையில் முழங்கால் ஊன்றி. தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது. எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்தேன். கம்பி தூக்குவது பத்து கிலோவில் தொடங்கியது. எட்டு முறை சுலபமாக வந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்ட வேண்டும். அதே எடையோடு நின்றுவிட்டால் உடம்பும் நின்றுவிடும்.

ஜூனில் எடை மூன்று வாரம் அசையவில்லை. பழைய புத்தி எட்டிப் பார்த்தது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தி 1100 கலோரிக்கு இறங்கினேன். பத்தாவது நாள், எட்டு முறை தூக்கிக்கொண்டிருந்த 35 கிலோ கம்பி இரண்டு முறைக்கு மேல் எழவில்லை. தூக்கமும் கெட்டது. நோட்டைப் புரட்டினேன்: எடை அசையாத அந்த மூன்று வாரத்தில் வயிறு 2 செ.மீ. குறைந்திருந்தது. குறைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் தராசை நம்பியிருக்கிறேன். அன்றிரவே சப்பாத்தி திரும்பி வந்தது.

ஜிம்மில் கொழுப்பளவு காட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. ஒரு நாள் 36 சதவீதம் என்றது, மறுநாள் 33 என்றது. உடம்பில் மின்சாரத்தை ஓட்டி நீரை வைத்துக் கணிக்கிற கருவி. குடித்த தண்ணீருக்கேற்ப மாறும். அதைவிட இஞ்சி நாடா நாணயமானது.

கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது இளைஞர்களின் உணவை நான்கு வாரம் வெகுவாகக் குறைத்துக் கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்களுக்குக் கொழுப்பைக் கழித்துவிட்டுப் பார்க்கும் எடை, அதாவது தசையும் மற்றதும், 1.2 கிலோ கூடவே செய்தது. பாதியளவு உண்டவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் இளங்காளைகள். என் வயதில் இருப்பதைக் காப்பாற்றினாலே லாபம் என்று வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் 63 கிலோ. எட்டு மாதத்தில் எட்டுக் கிலோ. முதல்முறையோடு ஒப்பிட்டால் ஆமை வேகம். பள்ளியில் யாரும் கொண்டாடவில்லை. வயிறு 85 செ.மீ. முன்பு 65 கிலோவில் இருந்தபோது 94. கம்பி 50 கிலோவுக்கு வந்திருந்தது. குழவியை எந்த வாரத்திலிருந்து மறுபடி தூக்க ஆரம்பித்தேன் என்பது நோட்டில் இல்லை.

தீபாவளிக்கு முன் பழைய ரவிக்கைகளைத் தையற்கடைக்குக் கொண்டுபோனேன். இடுப்பைப் பிடிக்க வேண்டும், கையை விட வேண்டும் என்றேன். பிரித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார். சென்ற முறை நான் சொன்னபடி கைப்பக்கத்துத் துணியை ஒட்ட வெட்டிவிட்டாராம். விடுவதற்கு உள்ளே தையல் விளிம்புகூட மிச்சமில்லை. புதிதாகத்தான் தைக்க வேண்டும் என்று அளவெடுக்க நாடாவை எடுத்தார்.