கருத்துக்கணிப்பு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள்

மத்தியக் கிழக்கு பற்றி வெளியுறவுக் கொள்கை வகுப்பவர்கள் 'அரபு மக்கள் என்ன நினைக்கிறார்கள்' என்று பேசத் தொடங்கினால், எந்தத் தேதியில் எடுத்த கணிப்பு என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

2023இல் அரபு நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தும் 'அரபு பாரோமீட்டர்' ஆய்வுக் குழு காஸாவில் 399 பேரை நேரில் சந்தித்துக் கேட்டது. அங்கே பேட்டிகள் முடிந்தது அக்டோபர் 6, அதாவது காஸாவை ஆண்ட ஹமாஸ் இயக்கம் இஸ்ரேல்மேல் தாக்குதல் நடத்தி, போர் மூண்டதற்கு முந்தைய நாள். ஹமாஸ் அரசின்மேல் துளியும் நம்பிக்கை இல்லை என்றவர்கள் 44 சதவீதம். போருக்கு முந்தைய மனநிலைக்கு இது அருமையான சான்று. போருக்குப் பிந்தையதற்கு அல்ல. துனீசியாவில் பேட்டிகள் செப்டம்பர் 13 முதல் நவம்பர் 4 வரை நடந்தன. இடையில் போர் மூண்டது. தாக்குதலுக்கு முன் அமெரிக்காமேல் நல்லெண்ணம் வைத்திருந்தவர்கள் 40 சதவீதம். கணிப்பு முடியும்போது 10. இரண்டையும் கலந்து ஒரே சராசரியாகத் தந்திருந்தால் யாருக்கு என்ன பயன்?

அடுத்தது எண்ணிக்கை. 1,200 பேர் என்றால் பிழை வரம்பு, அதாவது கணிப்பின் விடை உண்மையிலிருந்து கூடவோ குறையவோ விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 3 சதவீதம். 120 இடங்களில் இடத்துக்குப் பத்துப் பேர் என்று எடுத்தால் அது இன்னும் கூடும், ஏனென்றால் ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். 399 பேருக்கு 5 சதவீதம். அதிலிருந்து 120 இளைஞர்களை மட்டும் பிரித்தால் 9. 'காஸா இளைஞர்கள் இப்படி' என்று அதை வைத்துத் தலைப்புப் போடக் கூடாது.

களத்தில் கெடுவது வேறு விதம். கதவைத் திறந்தவரையே கேட்டுவிட்டால், பகலில் வேலைக்குப் போனவர்கள் விடுபடுவார்கள். வீட்டுக்குள் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்து, அவர் இல்லையென்றால் திரும்பப் போக வேண்டும். முக்கால் மணி நேரப் பேட்டி பத்து நிமிடத்தில் முடிந்ததாக, பதில்களைப் பதிவு செய்யும் டேப்லெட் காட்டினால், அதைத் தூக்கிப்போட வேண்டியதுதான். எகிப்தில் அரசுப் புள்ளியியல் துறையின் அனுமதி வேண்டும். அங்கே சில கேள்விகள் வெட்டுப்படும். கேட்காத கேள்விக்கு 'எதிர்ப்பில்லை' என்று பொருள் கொள்வது பெரும் அபத்தம்.

பேச்சுவார்த்தைக்கு உதவும் கேள்வி எது? 'இரு நாடுத் தீர்வு வேண்டுமா', அதாவது இஸ்ரேலும் பாலஸ்தீனமும் தனித்தனி நாடுகளாக இருக்கலாமா என்பது அல்ல. மேற்குக் கரை நகரமான ரமல்லாவில் பாலஸ்தீனக் கருத்துக்கணிப்பாளர் கலீல் ஷிகாகியின் ஆய்வு மையம் இஸ்ரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து நடத்திய கணிப்புகளில், எல்லை, ஜெருசலேம், அகதிகள் எல்லாம் அடங்கிய முழு ஒப்பந்தத்தையே மக்கள் முன் வைத்தார்கள். மறுத்தவரிடம், 'பாலஸ்தீனக் கைதிகளை விடுவித்தால்?' என்பதுபோல் ஒவ்வொரு சலுகையாகச் சேர்த்து மறுபடி கேட்டார்கள். எந்தச் சலுகைக்கு எத்தனை பேர் மனம் மாறுகிறார்கள் என்ற அந்தப் பட்டியலைத்தான் தூதர் மேசைக்கு எடுத்துப்போக முடியும்.