தவக்கால நாட்குறிப்பு, 2025

மார்ச் 5, சாம்பல் புதன்

"மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்று ஃபாதர் நெற்றியில் சாம்பலைப் பூசினார். அதான் மாறிட்டேனே ஃபாதர் என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்றவரிடம் மட்டும் அடக்க முடியவில்லை. இது போன வருடம் மந்திரித்த குருத்தோலைகளை எரித்த சாம்பல் என்று விளக்கம் சொன்னேன். பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் பூசிக்கொள்கிறவர் அவர். "அப்படியாம்மா" என்று மரியாதைக்குத் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று ஸ்டேட்டஸ், ராத்திரிக்குள் ஒன்பது. அண்ணன் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய ராத்திரியில், எனக்குத் திருமுழுக்கு, ஞானஸ்நானம். இன்னும் நாற்பத்தைந்து நாள்.

மார்ச் 6

திருத்தந்தை, போப் பிரான்சிஸ், மருத்துவமனையிலிருந்து பேசிய குரல் பதிவைப் பேதுரு சதுக்கத்தில் ஒலிக்கவிட்டார்கள். ஜெபிக்கிறவர்களுக்கு நன்றி சொல்ல ஸ்பானிஷில் நாலு வார்த்தை, அதற்குள் மூச்சு இழுக்கிறது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியாது.

"யாரு அந்தத் தாத்தா?"

சொன்னேன். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். "அப்பாவுக்கும் இப்படித்தான் இழுத்துது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 9, தவக்காலம் முதல் ஞாயிறு

இன்று பேராலயத்தில் ஆயர் முன்னால் எங்கள் பெயர்களைப் புத்தகத்தில் எழுதினோம். பதினோரு பேர். இன்றிலிருந்து நாங்கள் 'தேர்ந்துகொள்ளப்பட்டவர்கள்'. நான்தான் தேடித்தேடி வந்தேன், வகுப்பு உண்டா என்று மூன்று தடவை அலுவலகக் கதவைத் தட்டினேன், கடைசியில் பார்த்தால் தேர்ந்துகொண்டது கடவுளாம். இதை ஆயர் சொன்னபோது கண் கலங்கிவிட்டது. என் முறை வந்ததும் பேனா எழுதவில்லை. உதறி எழுதியதில் முதல் எழுத்தின் மேல் ஒரு சொட்டு மை விழுந்து, கையெழுத்தும் கோணிக்கொண்டது.

மார்ச் 11

அந்தக் கோணல் கையெழுத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14

சிலுவைப் பாதையில் வெரோனிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிற ஆறாம் நிலை முடிந்து ஏழுக்கு நகரும்போது, எனக்கு முன்னால் முட்டி போட்டிருந்த பாட்டியிடம், வெரோனிக்கா நற்செய்தியிலேயே இல்லை தெரியுமா பாட்டி என்றேன். ஏன் சொன்னேன்? யார் கேட்டார்கள்? பாட்டி திரும்பிப் பார்த்து, "இல்லாட்டி என்னம்மா, அத்தனை பேர்ல ஒருத்திகூடவா முகத்தைத் துடைச்சுவிட்டிருக்க மாட்டா?" என்றார்.

மிச்ச எட்டு நிலையும் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 18

தூங்கவில்லை. எழுதினாலாவது தணிகிறதா பார்க்கிறேன்.

அப்பா திருமுழுக்கு பெறாமல் போனார். இது புதுச் செய்தி இல்லை, ஆனால் திருமுழுக்கு மீட்புக்குத் தேவை என்று சிஸ்டர் வகுப்பில் சொன்னதிலிருந்து நெஞ்சில் ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. நான் மட்டும் படகில் ஏறிக்கொண்டு கரையில் நிற்கிற அப்பாவுக்குக் கை காட்டுகிற மாதிரி. இந்த விசுவாசத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் தண்டோரா போடுகிறேனே, அப்பாவை வெளியே நிறுத்துகிற வீட்டைப் பற்றியா இவ்வளவு சந்தோஷமாகப் பேசினேன்?

சிஸ்டரிடம் கேட்டேன். அவர் ஆறுதல் வார்த்தை சொல்லவில்லை, இரண்டு எண்களைத் தந்தார். அதுதான் எனக்குச் சரிப்பட்டது. ஒன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏடு, 16ஆம் எண்: தங்கள் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டிய வழியில் நடக்க முயல்கிறவர்களும் மீட்படைய முடியும். இன்னொன்று மறைக்கல்வி ஏட்டில் 1257: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தம் அருளடையாளங்களால், திருமுழுக்கு போன்ற சடங்குகளால், கட்டுண்டவர் அல்ல.

கட்டுண்டவர் அல்ல. பத்துத் தடவை படித்திருப்பேன். 'முடியும்' என்றுதான் இருக்கிறது, 'அடைந்துவிட்டார்' என்று இல்லை, அது எனக்கும் தெரிகிறது. அப்பா நேர்மையானவர். கோபக்காரர். எதையாவது தேடினாரா? ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அதைத் தேடல் என்று சொல்லலாமா, இல்லை அங்கே பார்க்க வேறு ஒன்றும் இல்லையா?

மணி மூன்றரை.

மார்ச் 20

திருமுழுக்கு பற்றிய துண்டுப் பிரசுரத்தை அம்மாவின் தலையணை மேல் வைத்திருந்தேன். இன்று அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பின்பக்கம் காலி, அதில் மாத்திரை வேளைகளை எழுதியிருக்கிறாள். காலை ஒன்று, இரவு ஒன்றரை.

ஃபாதரிடம் புலம்பினேன். மோனிக்காவைத் தெரியுமா என்றார். தெரியாதா? மகன் அகுஸ்தினாருக்காக வருடக்கணக்கில் அழுதவர், 387இல் பாஸ்கா இரவில் மிலானில் அம்புரோசின் கையால் அவர் திருமுழுக்கு பெறுவதைப் பார்த்துவிட்டு அதே வருடம் கண்ணை மூடியவர். மளமளவென்று ஒப்பித்தேன். "அதுக்கு முன்னால ஒரு ஆயர்கிட்ட போய், என் மகன்கிட்ட பேசுங்கன்னு நச்சரிச்சாங்களே, அந்த ஆயர் என்ன சொன்னார்?" என்றார். அதுவும் தெரியும். இப்போதைக்கு அவனை விடு, அவனுக்காக ஜெபி, அவ்வளவுதான்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆனால் மோனிக்கா தாய். அம்மாவுக்காக அழுகிற மகளுக்கு எந்தப் புனிதர்?

மார்ச் 23, மூன்றாம் ஞாயிறு

இன்றைய வாசகம் சமாரியப் பெண், கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்தவள். தண்ணீர்க் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடுகிறாளே, அவள் என் கட்சி. ஓடாமல் எப்படி இருப்பது? ஆனால் இன்று மறையுரை கேட்கும்போது ஒன்று உறைத்தது. ஓடிப் போய் அவள் பாடம் நடத்தவில்லை. வந்து பாருங்கள் என்கிறாள், அப்புறம் அவர் மெசியாவாக இருப்பாரோ என்று கேட்கிறாள். கேள்விதான் கேட்கிறாள்! அதற்கே ஊர் திரண்டு வருகிறது. நான் இதுவரை யாரிடமும் கேள்வி கேட்டதாக ஞாபகம் இல்லை.

மறையுரை முடிந்ததும் வழக்கம்போல எங்களை வெளியே அனுப்பினார்கள். நற்கருணை அப்பம் வாங்க இன்னும் எங்களுக்கு அனுமதி இல்லை, அதனால் சிஸ்டரோடு பக்கத்து அறைக்குப் போய் அன்றைய வாசகத்தைப் பேசுவோம். சுவர் வழியாகப் பாட்டு கேட்கும். வரிசையில் நடக்கிற செருப்புச் சத்தம்கூடக் கேட்கும். இந்தப் பசியைப் பற்றி யாருக்கும் எழுதிப் புரியவைக்க முடியவில்லை.

திருத்தந்தை இன்று வீடு திரும்பினார். 38 நாள். மருத்துவமனை மாடத்திலிருந்து கீழே கூட்டத்தைப் பார்த்து, மஞ்சள் பூக்கள் வைத்திருந்த ஒரு அம்மாவைப் பாராட்டினார். அம்மா அந்த வீடியோவை நாலு முறை பார்த்தாள். "மூச்சு விட முடியலை, பூவைப் பாக்குறாரு பாரு."

மார்ச் 27

விசுவாசப் பிரமாணம் மனப்பாடம். அது தொடங்கியது நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் சங்கத்தில், 325இல், இந்த வருடத்தோடு 1700 ஆண்டு. "ஒளியினின்று ஒளியாக" வரும்போதெல்லாம் தடுக்குகிறது.

ஏப்ரல் 1

ஞாயிற்றுக்கிழமை பிறவிக் குருடர் வாசகம். பார்வை பெற்றவனின் பெற்றோரைப் பரிசேயர் கேட்க, அவர்கள் பயந்துபோய், அவன் வயது வந்தவன், அவனிடமே கேளுங்கள் என்று நழுவுவார்கள். என்ன பெற்றோர் என்று அன்று கொஞ்சம் கடுப்பு.

இன்று சித்தி போன். என்னைப் பற்றித்தான் என்பது அம்மாவின் குரலிலேயே தெரிந்தது. நீ எப்படி விட்டே, தடுக்கலையா, கல்யாணம் யார் பண்ணுவா, எல்லாம் வந்திருக்கும். அம்மா கடைசியில் சொன்னாள்: "அவளுக்கு வயசு இருக்கு. அவகிட்டயே கேட்டுக்கோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் நழுவவில்லை என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 4

பாவங்களைப் பட்டியல் போட்டு மூன்று பக்கம், தலைப்பு வாரியாக, ஃபாதரிடம் கொடுத்தேன். திருமுழுக்கே எல்லாப் பாவத்தையும் கழுவிவிடும், அதற்கு முன் உனக்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாது என்று மடித்துத் திருப்பித் தந்துவிட்டார். எனக்கு ஏமாற்றம். இப்படி ஒரு ஏமாற்றம் பட்டியலில் எந்தத் தலைப்பில் வரும்?

ஏப்ரல் 6

இன்று இலாசர் வாசகம், இயேசு கல்லறையிலிருந்து எழுப்பியவர். திருத்தந்தை யாரும் எதிர்பாராமல் சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சதுக்கத்துக்கு வந்துவிட்டார். அம்மா: "வீட்ல இருக்கச் சொல்றதுக்கு ஆளே இல்லையா?"

ஏப்ரல் 7

அண்ணன் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

ஏப்ரல் 10

காய்ச்சல் 103. இன்னும் ஒன்பது நாள், இப்போதா வர வேண்டும்.

செத்துப்போனால் என்று யோசித்தேன். சிரிக்காதீர்கள், 103இல் எல்லாம் தோன்றும். திருமுழுக்குக்குத் தயாராகிறவர் அதற்குள் இறந்தால், அந்த விருப்பமே அவருக்குப் போதும் என்று திருச்சபை சொல்கிறது. ஆனாலும் தண்ணீர் தண்ணீர்தான். அவசரத்தில் யார் வேண்டுமானாலும் திருமுழுக்கு கொடுக்கலாம். திருமுழுக்கு பெறாதவரே கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிற எண்ணம் இருந்து, தண்ணீரை ஊற்றி, அந்த வார்த்தைகளைச் சொன்னால் போதும். அதாவது அம்மா கொடுக்கலாம்.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." கீழே: தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றவும். அம்மாவைக் கூப்பிட்டு, நான் நினைவு தப்பினால் இதைச் செய் என்றேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள்.

"வெந்நீரா, பச்சைத் தண்ணியா?"

எதுவானாலும் பரவாயில்லை என்றேன்.

"மொதல்ல மாத்திரையைப் போடு."

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

போகவில்லை. ஞானத்தாயாக வரப்போகிற அக்கா ஒரு ஓலையைக் கொண்டுவந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது. வாயைத் திறக்கச் சக்தியில்லாத ஐந்து நாளில் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று அம்மா அவரிடம் சொல்கிறாள், நான் கேட்கும்படியாகவே.

ஏப்ரல் 15

பெயரை மாற்றவில்லை. மோனிக்கா, லீதியா, தெரேசா, எல்லாம் அடித்தாகிவிட்டது. புதுப் பெயர் கட்டாயமில்லையாம். இது அப்பா வைத்தது.

ஏப்ரல் 16

அந்தத் தாளைத் தேடினேன், கிழித்துப் போட்டுவிடலாம் என்று. அம்மாவின் மாத்திரை டப்பாவில், நாலாக மடித்து. பார்த்ததைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

'உன்னதங்களிலே' பாடியபோது அடித்த மணி, இனி சனி இரவுவரை கிடையாது. திருப்பலி முடிந்து பீடத்தின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். நற்கருணைப் பேழை திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில் எப்போதும் எரிகிற சிவப்பு விளக்கும் அணைந்திருக்கிறது. ஒரு வருடமாகக் கோயிலுக்குள் நுழைந்ததும் முதலில் தேடுகிற விளக்கு அது.

ஏப்ரல் 18

வெள்ளி. ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஏப்ரல் 19, காலை

'எப்பத்தா' சடங்கு. ஃபாதர் முதலில் காதுகளைத் தொட்டார், அப்புறம் மூடிய உதடுகளை. திறக்கப்படு. காது முதலில், வாய் பிறகு என்று சிஸ்டர் என்னைப் பார்த்து மட்டும் ஏன் சொன்னார் என்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவிடம் "ராத்திரி வர்றியா?" என்று கேட்டேன். வெறும் கேள்வி, விளக்கம் எதுவும் சேர்க்காமல். முட்டி வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றாள். சரி.

ஏப்ரல் 20

எழுத வரவில்லை. தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

ஏப்ரல் 20, இரவு

வெளியே மூட்டிய புது நெருப்பில் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு இருட்டான கோயிலுக்குள் போனது ஞாபகம் இருக்கிறது. திரியில் சிலுவையும் 2, 0, 2, 5 என்ற எண்களும். பாஸ்கா புகழுரையில் தேனீக்களுக்கு ஒரு இடம் உண்டு, அந்த இடத்தில் சம்பந்தமில்லாமல் அழுதேன். புனிதர்கள் மன்றாட்டு மாலையில் மோனிக்கா பெயர் வந்ததா என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை ஊற்றிய தண்ணீர் இடது காதுக்குள் போய், அதற்கப்புறம் எல்லாரும் பாடியது ஒரு பக்கம்தான் கேட்டது. நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, என் செருப்புச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்குமா என்று நினைத்தேன்.

பின்னிரவில் கதவைத் திறந்தவள் அம்மா. தூங்கவில்லை. ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். நெற்றியருகே குனிந்து, "என்ன வாசனை இது?" என்றாள். கிறிஸ்மா தைலம், ஒலிவ எண்ணெயில் நறுமணம் சேர்த்து ஆயர் அர்ச்சித்தது. இவ்வளவும் வாயில் வந்தது. எண்ணெய்ம்மா என்றேன்.

"நல்லா இருக்கு."

பகலில் அம்மாவோடு டிவியில் திருத்தந்தையைப் பார்த்தேன். மாடத்திலிருந்து ஈஸ்டர் வாழ்த்து சொன்னார், ஒரு வரிதான். அப்புறம் வண்டியில் கூட்டத்துக்கு நடுவே போனார். முகம் வீங்கியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள்.

ஏப்ரல் 21

அம்மாதான் முதலில் சொன்னாள். குளித்துவிட்டு வந்தேன். "அந்தத் தாத்தா போயிட்டாருடி."

ஏப்ரல் 22

திருப்பலி. நற்கருணை மன்றாட்டில் "எங்கள் திருத்தந்தை" என்று வரும் இடத்தைப் பேசாமல் தாண்டிப் போனார்கள். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்வரை அங்கே பெயர் இல்லை. முழுத் திருப்பலியில் உட்கார எனக்கு உரிமை வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

ஏப்ரல் 23

ராத்திரி அம்மா கேட்டாள், "கடைசியில பக்கத்துல யாராவது இருந்தாங்களாமா?"

செவிலியர் ஒருவர் இருந்தார், நினைவு தப்புவதற்கு முன் அவரைப் பார்த்துக் கையசைத்தாராம் என்று படித்ததைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு அப்போ நான் வெளியில இருந்தேன். ஏதோ தாள்ல கையெழுத்துப் போடக் கூப்பிட்டாங்க."