பத்து நிமிடத்துக்குள் ஒளிந்திருந்த நாற்பது வினாடி

அதிகாலை மூன்று மணி ஆனால் போதும், எங்கள் தரவுத்தள சர்வருக்கு மூச்சுத் திணறும். பெங்களூரு அல்சூரில் என் அறையில் போன் அலறும். எழுந்து மடிக்கணினியைத் திறப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். அந்த நொடியின் நிலவரத்தைக் காட்டும் ‘டாப்’ கட்டளையோ ஒன்றும் அறியாத பிள்ளைபோல் நிற்கும்.

முதலில் புரட்டியது, சர்வரின் நிலவரத்தைப் பதிந்துவைக்கும் சிஸ்ஸ்டாட் தொகுப்பின் ‘சார்’. நம்பகமான பழைய கணக்குப்பிள்ளை. ஆனால் வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் குறித்துவைக்கும். நாற்பது வினாடி நெரிசல் அந்தச் சராசரியில் கரைந்துபோயிருந்தது. வரைபடம் போட்டுக் காட்டும் கண்காணிப்புக் கருவி முனின், 5 நிமிடத்துக்கு ஒரு முறை. படம் அழகு, கதை அதேதான்.

நெட்டேட்டா என்ற இன்னொரு கண்காணிப்புக் கருவியை நிறுவினேன். வினாடிக்கு ஒரு புள்ளி. மறுநாள் 3.02-க்குப் பிடிபட்டது: சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கிறது, லோடு ஆவரேஜ் (ஓடும், ஓடக் காத்திருக்கும் செயல்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் 14. வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் செயல்களையும் லினக்ஸ் அந்த எண்ணில் சேர்த்துக்கொள்ளும். பக்கத்து வரைபடத்தில் ஐஓவெயிட், அதாவது வட்டுக்காகச் சிபியு சும்மா காத்திருக்கும் நேரம், பனைமரம்போல் செங்குத்தாக நின்றது. வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரான் அட்டவணையைப் பார்த்தால், காப்புப்பிரதி எடுப்பதும் பதிவு (லாக்) கோப்புகளைச் சுருக்குவதும் ஒரே நிமிடத்தில். இரண்டையும் எழுதிவைத்த புண்ணியவான் நானேதான்.

அளவுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸும் அவற்றை வரைபடமாக்கும் கிராஃபானாவும் வை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நல்ல ஜோடிதான். ஆனால் இருப்பது நான்கு சர்வர்கள்; நாலு பேர் சாப்பாட்டுக்குக் கல்யாண மண்டபமா? இப்போதைக்கு நெட்டேட்டாவோடு, ‘சார்’ இடைவெளியை 1 நிமிடமாகக் குறைத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் இன்னும் ஆறு சர்வர்கள் வருகின்றனவாம். அப்போது மண்டபம் பார்க்கலாம்.