காற்று அடங்கட்டும்

ஜூலை 11

ஸ்ட்ரோக் வந்த அப்பாவைக் கொழிஞ்சாம்பாறை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. மூக்கில் இன்னும் குழாய் இருக்கிறது. அவர் எதிரில் யாரும் அழக்கூடாது, அத்தையைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். யாரும் அழவில்லை.

ஜூலை 12

தலைமாட்டை உயர்த்தி உட்கார வைக்க வேண்டும். குழாய் நகரவில்லையே என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும், அழுத்தித் தள்ளக்கூடாது. முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைத்திருக்க வேண்டும். செய்வதில் கஷ்டம் எதுவும் இல்லை. நாக்கில் ஒரு பொட்டு ருசி படாமல் அவர் வயிறு நிறைவதைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான் முடியவில்லை. ராமசேரி இட்லி வாங்கி வந்தால் இலையைப் பிரித்து முதலில் முகர்ந்து பார்க்கிற மனுஷன்.

ஜூலை 13

"அக்கா வந்தாளா?"

குழறலாக வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அண்ணிதான் போர்வையைச் சரி செய்தபடியே, "காத்து கொஞ்சம் அடங்கட்டும்ங்க மாமா" என்றாள். வெளியே தென்னை மட்டைகள் அடித்துக்கொண்டிருந்தன. இந்த மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று என்றைக்கு அடங்கியிருக்கிறது? அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 15

விழுங்கப் பழக்குகிற பெண் வந்தாள். திருச்சூர்க்காரி, சின்ன வயசு. வந்ததும் சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியை அப்பாவின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது பக்கம் நிற்கிறவர்களை அவர் இப்போது கவனிப்பதில்லை. இது எங்களுக்கே இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பிடிபட்டது.

தேக்கரண்டியின் நுனியில் கெட்டியான கூவைக் கஞ்சி. அவ்வளவுதான், ஒரு சுண்டைக்காய் அளவு. முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொன்னாள். குரல்வளை மேலேறி இறங்குகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். அப்புறம், "அச்சா, 'ஆ'ன்னு பறயூ." குரல் ஈரமாக, கொளகொளவென்று வந்தால் கஞ்சி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது என்று அர்த்தமாம். இருமினால்தான் புரையேறுகிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஸ்ட்ரோக் வந்தவர்களில் சிலருக்கு இருமலே வராமல் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடும் என்றாள். கேட்டதிலிருந்து அவர் விடுகிற ஒவ்வொரு மூச்சையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஸ்ட்ரோக் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்பத்தில் விழுங்கச் சிரமம் இருக்குமாம். நிறையப் பேருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுமாம். அந்த 'நிறையப் பேரை'ப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 16

பங்காளி வீட்டுப் பெரியப்பா வந்தார். வந்து உட்கார்ந்ததும், "உங்கக்கா போனப்பறம்…" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு நெஞ்சு நின்றே போனது. பக்கத்து வீட்டுச் சேச்சி கட்டங்காப்பித் தட்டோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்று, "அவங்க பொள்ளாச்சி போனப்பறம் இங்க தேங்காய் வெல ஏறிருச்சு, இல்ல பெரியப்பா?" என்றாள். மலையாளம் கலந்த தமிழில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பெரியப்பாவும் புரிந்துகொண்டு தேங்காய்க்குப் போய்விட்டார். சேச்சியின் கையில் தட்டு மட்டும் லேசாக நடுங்கியது.

அப்பா பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 17

கர்க்கடகம் ஒன்று. பக்கத்து வீட்டில் ராமாயண வாசிப்பு ஆரம்பம். நமக்கும் ஆடி பிறந்துவிட்டது.

ஜூலை 19

சின்னம்மா பொடியரிக் கஞ்சி கொண்டுவந்தார். நோயாளிக்கு இதைவிட இதமானது உண்டா என்றுதான் இந்தப் பக்கம் எவரும் கேட்பார்கள். ஆனால் அப்பாவுக்கு அதை அப்படியே கொடுக்கக்கூடாது. கஞ்சித் தண்ணீர் முன்னால் ஓடி தவறான வழியில் இறங்கிவிடும், பருக்கை வாயிலேயே தங்கிவிடும். மிக்ஸியில் அடித்து, கரண்டியைச் சாய்த்தால் பொத்தென்று விழுகிற பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். சின்னம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் காலையில் எழுந்து விறகடுப்பில் வைத்துக் கிளறியது. அடுக்களைக்குக் கூட்டிப்போய் அவர் கையாலேயே அடிக்க வைத்தேன். கரண்டியைத் தானே சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சுத்து சுத்தோணும்" என்றார்.

சாயங்காலம் அப்பா திடீரென்று அழுதார். டிவியில் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டோம். ஸ்ட்ரோக்கில் அழுகையையும் சிரிப்பையும் அடக்கி வைக்கிற கட்டுப்பாடு தளர்ந்துபோவது உண்டு, அழுதாலே துக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சரி. ஆனால் நிஜமாகவே துக்கத்தில் அழுதால் அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

ஜூலை 20

தூக்கம் இல்லை.

ஜூலை 22

குழாயை எடுத்துவிட்டார்கள்!! அவர் மூக்கை வலது கையால் தடவித் தடவிப் பார்க்கிறார். மூன்று வேளையும் குழைவாக, வாய்வழி. தண்ணீர் மட்டும் இன்னும் கெட்டியாக்கித்தான். இந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 23

அண்ணன் ராமசேரி போய் வந்தான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வேலை எனக்கு அலுப்பதில்லை. மண்பானை வாயில் நூல் வலை, அதன் மேல் ஈரத்துணி, துணி மேல் மாவை ஊற்றிப் பரப்புவார்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, புளிய விறகு எரித்து வேக வைப்பார்கள். தட்டையாக, தோசைக்கும் இட்லிக்கும் நடுவில் ஒரு உருவம். காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம். செய்கிற வீடுகள் இப்போது சிலதான். துணியிலிருந்து கிழியாமல் உரித்தெடுக்கிற அந்த விரல்கள் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

விளிம்பை நீக்கி, நடுப்பகுதியைக் கெட்டிப் பருப்பில் குழைத்துக் கொடுத்தேன். பொடி கூடாது, தூள் தொண்டையில் பறந்தால் வினை. "பொடி?" என்றார். எண்ணெயை மட்டும் விரலில் தொட்டு உதட்டில் தடவினேன். நாக்கை நீட்டி நக்கிக்கொண்டார். இடது கன்னத்துக்குள் ஒரு துணுக்கு ஒதுங்கியிருந்தது, எடுத்துவிட்டேன். 'ஆ' சொல்லச் சொன்னேன். சுத்தமான குரல்.

அண்ணி அடுக்களைக்குப் போய்விட்டாள். அழுதிருப்பாள்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. தாத்தா பாட்டிக்குப் படையல். வருஷா வருஷம் அத்தை வந்து வடை சுடுவார். அந்த எண்ணெய் வாசனைக்கே அப்பா எழுந்து வருவார். இன்று அண்ணி வடை சுட்டாள்.

"அக்காளுக்குச் சொல்லியுட்டீங்களா?"

இந்த முறை குழறல் குறைவு. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. அண்ணி வாசல் பக்கம் பார்த்தாள். காற்றைப் பற்றிச் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

ராத்திரி அண்ணனோடு பேசினேன். இன்னும் ஒரு மாசம் போகட்டும் என்கிறான். என்னால் முடியாது என்றேன். அவர் உடம்பு தாங்காது என்று நாம் பயப்படுவது சரிதான், ஆனால் அவர் அக்கா அவருக்குத்தானே அக்கா. அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "எப்பச் சொல்றது?" என்றான்.

சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னால் அன்றைக்கு வாயைத் திறக்க மாட்டார். சாப்பிடும்போது கூடவே கூடாது, அழுகையில் மூச்சை உள்ளே இழுத்தால் புரையேறிவிடும். அதனால் நாளைக் காலைக் கஞ்சி முடிந்து, கன்னத்தைத் துடைத்து, குரலைக் கேட்டு, அரை மணி நேரம் கழித்து. சேச்சியையும் வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டரிடமும் சொல்லியாயிற்று. அண்ணன் பின்னால் தாங்கிப் பிடித்துக்கொள்வான். நான் வலது பக்கம் உட்கார்ந்து சொல்கிறேன்.