ஆறரை மணி மாத்திரை

ஜனவரி 6, திங்கள்

டி.பி.க்கு மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில். நான் விழுங்கி முடிக்கிறவரை ஆச்சி எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டலில் கூட இருந்த சு.வுக்கு நேற்று அனுப்பியது இன்னும் ஒரே டிக்.

ஜனவரி 7, செவ்வாய்

ஒன்றுக்கு ஆரஞ்சும் சிவப்பும் கலந்து போகிறது. மாத்திரை கொடுத்த அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்தார், அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் மருந்தால் அப்படித்தான் இருக்கும், கண்ணீர்கூட நிறம் மாறலாம், பயப்படாதீங்க என்று. பயம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னதற்கு அவள் கேட்டது, "பக்கத்து வீட்டு பாத்ரூம் தண்ணி நம்ம வாறுகால்லதான சேருது, அவங்க பாத்துருவாங்களோ?"

எல்லாரிடமும் நிமோனியா என்று சொல்ல வேண்டுமாம். தீப்பெட்டி ஆபீஸில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். நிமோனியா பத்து நாளில் சரியாகிவிடுமே அம்மா, ஆறு மாசத்துக்கு என்ன சொல்லுவ என்றேன். "அத அப்பப் பாத்துக்கலாம். நாளைக்கு ஒரு எடத்துல பேசும்போது இது வந்து குறுக்க நிக்கும்." எந்த இடம்? யார் பேசுகிறார்கள்? எனக்கு மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிந்தால் போதும் என்றிருக்கிறது. அவள் அதற்குள் கல்யாண மண்டபம்வரை போய்விட்டாள்.

முதல் நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், 41. விரலில் கிளிப் மாட்டினார்கள், மூச்சை எண்ணினார்கள், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். வீக்கம் இருக்கிறதா என்று அந்த அக்கா என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்கள். தமிழ்நாட்டில் 2022லிருந்து எல்லாருக்கும் இப்படிப் பார்க்கிறார்களாம், யாரை உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. இறப்பில்லாத் திட்டம் என்று பெயர். எனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கட்டைவிரல்தான். அதற்கப்புறம் என்னை யாரும் தொடவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

என் சாமான் பார்சலில் வந்தது. இரண்டு பெட்டி, ஒரு பை. தலையணை இல்லை. பக்கெட்டும் இல்லை, போகட்டும்.

மடித்து வைத்திருந்ததைப் பார்த்தாலே தெரிந்தது, சு. மடித்தது. சுடிதார் கையை உள்ளே மடக்கி வைப்பது அவள் பழக்கம். இதைச் செய்தவள் ஏன் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாள்?

யாரோ புகார் சொன்னார்கள். வார்டன் சொன்ன வாசகம் அப்படியே நிற்கிறது: "ராத்திரியெல்லாம் இருமுறீங்களாம், மத்த பிள்ளைங்களுக்குத் தூக்கமில்லையாம், ஊருக்குப் போய் சரி பண்ணிட்டு வாங்க." அப்போது எனக்கே என்னவென்று தெரியாது. அந்த அறையில் நான்கு கட்டில். ஒருத்தி இரவுப் பணி, ஒருத்தி காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறவள். மிச்சம் யார்?

அதை எழுதவே கை கூசுகிறது.

ஜனவரி 14, பொங்கல்

அம்மா என் டம்ளரில் சிவப்பு நூல் கட்டிவிட்டாள். தட்டுக்குக் கட்ட முடியாதே, அதனால் தட்டு தனியாக ஜன்னல் திண்டில்.

வாசலில் பொங்கல் பொங்கியபோது நான் மாஸ்க்கோடு நடையில் நின்றேன். எல்லாரும் குலவை போட்டார்கள். நான் வாயைத் திறந்தேன், இருமல் வந்தது. திரும்பிப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். நிமோனியா, நிமோனியா.

ஆச்சிக்கு டம்ளர் விஷயம் பிடிக்கவில்லை. "காத்துல வாரத டம்ளருல தேடுதாளே" என்று சத்தமாகவே சொன்னாள். ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தபோது அந்த அண்ணன் சொன்னதை ஒழுங்காகக் கேட்டது அவள் ஒருத்திதான்: பாத்திரத்தால் பரவாது, துணியால் பரவாது, இருமும்போது காற்றில்தான். ஜன்னலைத் திறந்து வையுங்கள், வெயில் வரட்டும், மாத்திரையை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

நூல் ஈரத்தில் சாயம் போகிறது. டம்ளர் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

ஜனவரி 15

வாந்தி. எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

மதினி போய்விட்டாள். குட்டிப்பயலோடு, கயத்தாறுக்கு, அவள் அம்மா வீட்டுக்கு.

நியாயமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சுகாதார நர்ஸ் வந்து வீட்டில் எல்லாரையும் விசாரித்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் நோய் இல்லை என்று பார்த்து உறுதி செய்துவிட்டு, வராமல் இருக்க ஆறு மாதம் ஐசோனியாசிட் கொடுப்பார்கள். அவனுக்கு ஒன்றுமில்லை. மாத்திரையும் கொடுத்துவிட்டார்கள். பயலை அனுப்ப வேண்டும் என்று நர்ஸ் சொல்லவே இல்லை. ஆனாலும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தினமும் மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்க வேண்டிவந்தது என்னால்தானே என்று மதினி நினைத்தால் நான் என்ன சொல்ல முடியும்?

"தப்பா எடுத்துக்காத, பிள்ளைக்காகத்தான்" என்றாள் வாசலில் நின்று. நான் தலையாட்டினேன். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்காக எனக்கு வலிக்கக் கூடாதா? அவன் நடக்கப் பழகியது என் விரலைப் பிடித்துத்தான். தீபாவளிக்கு வந்திருந்தேன், நாலு எட்டு வைத்தான். ஆட்டோவில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். மதினி அந்தக் கையை மடக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. ஆட்டோவுக்குக் காசு கொடுத்தான்.

ஜனவரி 22, புதன்

போனில் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்று கிடைத்தது.

1956ல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு. 193 நோயாளிகள். ஒரு பகுதிப் பேருக்கு சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்கள் வீட்டிலேயே, இடிபாடான ஒண்டுக் குடித்தனத்தில், அரைகுறைச் சாப்பாட்டோடு, மருந்தை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் குணமானவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. 1959ல் வெளியிட்டார்கள். பிறகு குடும்பத்தாரையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்த்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. மருந்து உள்ளே போனதும் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது. ஊரை விட்டு, வீட்டை விட்டு ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்று உலகத்துக்கே காட்டியது நம் சென்னை.

ஹாஸ்டல் இருந்தது தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில். 1928ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். தினமும் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றுதான் ரயில் ஏறினேன்.

இதை அப்படியே மதினிக்கு அனுப்பலாமா? அனுப்பி என்ன ஆகும்? 1959ல் தெரிந்துபோனது இன்னும் கயத்தாறுக்கு வந்து சேரவில்லை. எனக்கு அந்தக் கட்டுரையில் இல்லாத ஒன்று தெரிய வேண்டும். வீட்டிலேயே இருந்தவர்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? யாருடைய மனைவியாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாளா? சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஒருவரையொருவர் பார்த்துப் பேசவாவது ஆள் இருந்திருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

சு.விடம் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் கட்டில். நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லை. கூட இருந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்று அந்த அண்ணன் இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டார். நீங்களே சொல்றீங்களா, நாங்க அங்க ஆள் வச்சு சொல்லவா என்று கேட்டார். நானே சொல்றேன் என்றேன்.

அம்மாவுக்குத் தெரிந்தால் ரகளைதான். ஆனால் இதில் அம்மா சொல்வதைக் கேட்க முடியாது. ஒருத்தி நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் வைத்திருப்பதற்கு எனக்கு என்ன உரிமை?

சொன்னால் என்ன ஆகும் என்று எல்லாத் திக்கிலும் யோசித்தாயிற்று. அவள் அறையில் சொல்வாள். அறை மாடியில் சொல்லும். ஆபீஸுக்குப் போகும். நான் திரும்பிப் போகும்போது என் நாற்காலி தனியாகத் தள்ளிப் போட்டிருக்கும். இல்லை, அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் அவள் ராத்திரி அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை, இன்றுவரை. அது அவளுக்குத் தெரியும்.

ஒருவரை நம்புவதென்றால் அவர் நல்லவரா என்று கண்டுபிடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அது இல்லை போல. அவர் என்ன செய்வார் என்று தெரியாமலேயே கையில் கொடுத்துவிடுவதுதான் போல. எனக்கு அது ஒத்துவரவில்லை. எனக்கு முன்னாடியே தெரிய வேண்டும்.

குரல் பதிவாக அனுப்பினேன். மூன்று நிமிஷம். இருமல் வந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி பேசினேன்.

ஜனவரி 25

நீல டிக். கேட்டிருக்கிறாள். பதில் இல்லை.

ஜனவரி 28

பதில் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஊட்டச்சத்துக்கு என்று வங்கியில் 3,000 ரூபாய் வந்தது. மாதத்துக்கு 1,000 கணக்கு. 2024 அக்டோபர்வரை 500தானாம். அம்மா முட்டை, கொண்டைக்கடலை, பால் என்று கணக்குப் போட்டாள். அப்புறம் குரலைத் தணித்து, "பாஸ்புக்ல என்னன்னு அடிச்சிருக்கும்?" என்றாள்.

அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து எனக்கு முட்டை அவித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். ராத்திரி நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து வாசல்படியில் வந்து நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்கிறாள். அப்போதும் உள்ளே வர மாட்டாள்.

பிப்ரவரி 11, தைப்பூசம்

பத்து நாளாகத் தெரு வழியாகப் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் திருச்செந்தூருக்கு நடந்தார்கள். இன்று தெருவே காலி. ஆச்சி முன்னெல்லாம் போவாள், இப்போது முட்டி விடாது. மத்தியானம் என் அறைக்கு வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள், என் பக்கத்தில், முதுகு உரசுகிற மாதிரி. எண்பது வயதுக்காரி. மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். "அந்தப் பக்கம் ஜன்னல் தெறந்துதான இருக்கு, பேசாமப் படுட்டி" என்றாள். ரெண்டு நிமிஷத்தில் குறட்டை.

நான் அசையாமல் கிடந்தேன். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சு. போன் செய்தாள்.

எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும்போதே அழுதாள். எடுக்கப் போக இத்தனை நாள் தைரியம் வரவில்லையாம். "எனக்கும் இருந்துட்டா நான் எங்கடி போவேன், உனக்காவது வீடு இருக்கு" என்றாள். அவள் சித்தி வீட்டில் வளர்ந்தவள். யாரிடமும் சொல்லவில்லையாம். மற்ற இரண்டு பேரையும் என்ன சொல்லி அழைத்துப்போனாள் தெரியுமா? ஆபீஸில் மெடிக்கல் செக்கப் கேட்கிறார்கள், துணைக்கு வாங்க, நீங்களும் எடுத்துக்கங்க என்று.

அப்புறம் அவளே சொன்னாள். "வார்டன்கிட்ட சொன்னது நான்தான்டி. மூணு வாரமா டாக்டர்ட்ட போ போன்னு கெஞ்சினேன், நீ இருமல் சிரப்பையே குடிச்சிட்டிருந்த. உன்னை ஊருக்கு அனுப்பினா உங்க அம்மா இழுத்துட்டுப் போவாங்கன்னு நெனச்சேன்."

நான் சரி என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

போனை வைத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. நம்புகிறேனா? நம்ப ஆசையாக இருக்கிறது. நம்புவதும் நம்ப ஆசைப்படுவதும் உள்ளே இருந்து பார்க்கும்போது ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவள் சொல்வது நிஜமென்றால், நான் உயிரோடு இங்கே உட்கார்ந்து எழுதுவதற்கு அவள் காரணம். சரி. ஆனால் என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். நீல டிக்குக்குக் கீழே 'பயமா இருக்கு' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். அந்த ஒரு வரிக்காக நான் கிடந்த கிடை அவளுக்குத் தெரியாது.

சுடிதார் கையை மடக்கி வைத்தவள் அவள்தான். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்ச். மாஸ்க் போட்ட ஒரு பையன், லாரி செட்டில் லோடு ஏற்றுகிறவன், என் வயதுதான் இருக்கும். "எத்தனாவது மாசம்?" என்றான். "ரெண்டு முடியப் போகுது." "நாலு மாத்திரையா மூணா?" "மூணு." "எனக்கு இப்ப நாலு, வெயிட் ஏறிட்டுல்லா." அதற்குப் பக்கத்தில் ஒரு அக்கா, முட்டி வலிக்கிறதா என்று கேட்டார்கள், அது மாத்திரையால்தான், முதல் ரெண்டு மாசத்தோடு போயிரும் என்றார்கள்.

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, நிமோனியா சொல்லவில்லை. இத்தனை வாரத்தில் இவ்வளவு லேசாக நான் யாரோடும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் பயம் பிடித்தது. இனிமேல் எனக்கு அந்த பெஞ்ச் மட்டும்தானா? குணமான பிறகு அங்கேயும் இடம் கிடையாதே.

மார்ச் 2, ஞாயிறு

பெரியம்மா வந்திருந்தார்கள், சாத்தூரிலிருந்து. "பிள்ளைக்கு உடம்புக்கு என்ன, இப்படி இளைச்சிருக்கா?" அம்மா "நிமோ" என்று ஆரம்பித்தாள். "டி.பி. பெரியம்மா" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

பெரியம்மா காபியைக் கீழே வைத்தார்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். "எட எவ்வளவு இப்ப?" "44." "ஏறணும்" என்றார்கள். மறுபடி காபியை எடுத்துக் குடித்தார்கள். அப்புறம் யார் வீட்டுக் காதுகுத்தோ, அதைப் பற்றிப் பேச்சுப் போனது.

அம்மா ராத்திரிவரை என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள். டம்ளரில் புது நூல், பச்சை.

மார்ச் 6, வியாழன்

சளி கொடுத்தாயிற்று. இதில் கிருமி இல்லை என்றால் மாத்திரையில் இருக்கும் நான்கு மருந்தில் ஒன்றைக் குறைத்து இன்னும் நான்கு மாதம்.

மதினி வீடியோவில் வந்தாள். குட்டிப்பயல் ஓடுகிறான் இப்போது. ரிசல்ட் வந்ததும் சொல்லு, வாரேன் என்றாள். காகிதம் பார்த்துத்தான் வருவாளா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவன் போனை நக்கினான், திரை முழுக்க நாக்கு. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மார்ச் 8, சனி

ரிசல்ட் திங்கட்கிழமை என்கிறார்கள். வந்ததும் முதலில் யாரிடம் சொல்வது? மதினிக்கு அது வேண்டும், அம்மாவுக்கு வேண்டும். எப்படி வந்தாலும் எனக்குப் பக்கத்தில் படுப்பவளிடம் முதலில் சொல்லலாம், ஆனால் ஆச்சிக்கு ரிசல்ட் எதற்கு? சு. அடுத்த வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் வருகிறேன் என்கிறாள், என் தலையணையை எடுத்துக்கொண்டு. வரச் சொல்லலாமா என்று இன்னும் பதில் போடவில்லை. அம்மாவிடம் கேட்டால்