ஆயிரம் டாலர் வேலிக்கருவை

டெக்சஸில் ஃபோர்ட் வொர்த் அருகே வீடு வாங்கி நான்கு வருடம் ஒழுங்காகத்தான் இருந்தோம். ஒரு சனிக்கிழமை அங்கிருக்கும் பழைய மாட்டுச் சந்தையான ஸ்டாக்யார்ட்ஸுக்குப் போனதுதான் வினை. அங்கே தினமும் இரண்டு வேளை, நீளக் கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிக் காட்டுவார்கள். பிள்ளைகள் மாட்டைப் பார்த்தார்கள். என் மனைவி எதிர்க் கடையைப் பார்த்துவிட்டாள். வீடு பண்ணைவீடாகும் படலம் அன்று தொடங்கியது.

முதலில் ஒரு வண்டிச் சக்கரம், சுற்றிலும் விளக்குகளோடு கூரையில் தொங்கியது. அடுத்து மாட்டு மண்டை. கொம்பு முனைக்கு முனை ஐந்தடி. முதலில் ஒரு கொம்பு, பிறகு மூக்கு, பிறகு மறுகொம்பு என்று பிரசவம் பார்ப்பதுபோல் வாசலுக்குள் கொண்டுவந்தோம்.

பிறகு ஒரு பழைய சூட்டுக்கோல், மாட்டுக்கு முத்திரை வைக்கும் இரும்பு. அதன் முனையில் எஸ் என்ற எழுத்து படுத்துக் கிடந்தது. கடைக்காரர் பாடம் நடத்தினார்: எழுத்துக்கு இறக்கை முளைத்திருந்தால் 'பறக்கும் எஸ்', அடியில் வில்போல வளைவு இருந்தால் 'ஆடும் எஸ்', படுத்திருந்தால் 'சோம்பேறி எஸ்'. என் பெயரும் அதே எழுத்தில்தான் தொடங்குகிறது. மனைவி பேரம்கூடப் பேசவில்லை. இப்போது அது என் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மகுடமாக, மெஸ்கீட் மரத்தில் ஒரு மேசை. விரிசல்களில் நீலப்பச்சைக் கல்லை இழைத்திருந்தார்கள். ஆயிரம் டாலர்.

இந்த நேரத்தில்தான் பரமக்குடியிலிருந்து அம்மா வந்தார். தரையில் விரித்திருந்த மாட்டுத் தோலைப் பார்த்ததும், தூங்கும் மாட்டைச் சுற்றுவதுபோல ஓரமாகச் சுற்றிப் போனார். மண்டையைப் பார்த்து, "திருஷ்டிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். அதோடு அது தப்பித்தது.

மேசையருகே வந்ததும் நின்றார். கீழ்ப்புறம் மெருகேறாத இடத்தை நகத்தால் சுரண்டி, மோந்தும் பார்த்தார்.

"இது நம்ம வேலிக்கருவையில்லையா, ஐயா?"

"இல்லை அத்தை, இது மெஸ்கீட்" என்றாள் மனைவி.

"இருபது வருடம் கரிமூட்டம் போட்டவள் நான். எனக்குத் தெரியாதா?"

கைப்பேசியில் தேடினேன். அதே மரம் இல்லை. ஆனால் அம்மா வேலிக்கருவை என்று சொல்லும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய பங்காளிதான். ஊரில் நீதிமன்றமே வெட்டச் சொன்ன குடும்பம். இங்கேயும் பண்ணைக்காரர்கள் மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது என்று காசு கொடுத்துப் பிடுங்குகிறார்கள். மேசையாக மாறிய பிறகுதான் மரியாதை. அம்மாவிடம் விலையைச் சொல்லியிருக்கக் கூடாது. மகன் கேட்காமலே ரூபாயில் பெருக்கியும் சொல்லிவிட்டான்.

அன்றிரவே அம்மா ஊருக்குப் பேசினார். "தம்பி, கண்மாய்க் கரையில் நிற்கிற கருவையில் யாரையும் கைவைக்க விடாதே."

விடிவதற்குள் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் பதினொரு படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தூர். பக்கத்தில் அளவுக்காக மாமாவே நிற்கிறார். கீழே ஒரு கேள்வி: "மாப்பிள்ளை, டன் என்ன விலைக்குப் போகும்?"

இதைக் காட்டிச் சிரிக்கலாம் என்று மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஏழாவது படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

"காய்ந்ததா, ஈரமா என்று கேளுங்கள்."